வேண்டாத வரிகளை நீக்கிவிடவும்

மார்ச் 2
பொருள்: வீட்டு விஷயங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலம் என்று தெரியும். நீ நடத்தும் மென்பொருள் மடற்குழுவில் நானும் இருக்கிறேன், மறந்திருப்பாய். நேற்று முகம் தெரியாத ஒரு புதியவருக்கு நாலு பத்தி பதில் எழுதியிருந்தாய். குழுவில் எப்படிப் பதில் எழுத வேண்டும் என்று விதிகள் எழுதியதும் நீதானாம். உன் பொறுமையை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்குத்தான் ஆறு மாதமாக ஒரு வரி இல்லை.

அப்பாவின் தொண்டையில் இருப்பது புற்றுநோய்தான். பதினான்காம் தேதி குரல்வளையை எடுக்கிறார்கள். பிழைத்துக்கொள்வார், பேச்சு இருக்காது. "அவன்கிட்ட ஒரு தடவை பேசிடறேம்மா. அப்புறம் என்ன வேணா வெட்டிக்கட்டும்" என்கிறார். உன் கல்யாணத்தன்று அவர் உன்னைப் பார்த்துச் சொன்ன சுடுசொல்லை நான் மறக்கவில்லை. அவரும்தான். ஒரு போன் போடு.

இன்னொன்று. வீட்டு இணையப் பெட்டியில் இரண்டு நாளாகச் சிவப்பு விளக்கு எரிகிறது. இதைக் கல்லூரியிலிருந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 4
பொருள்: பதில்: வீட்டு விஷயங்கள்

அக்கா,

> வீட்டு இணையப் பெட்டியில் இரண்டு நாளாகச் சிவப்பு விளக்கு எரிகிறது.

பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். பத்து விநாடி அழுத்திப் பிடி. ஐந்து நிமிடம் பொறு. அப்போதும் பச்சையாகாவிட்டால் வெளியிலிருந்து வரும் கம்பியில் கோளாறு. இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். துளையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் படம் எடுத்து அனுப்பு, குறித்துக் காட்டுகிறேன்.

தம்பி


மார்ச் 5

தம்பி,

பச்சையாகிவிட்டது. நான் எழுதியதில் ஒரே ஒரு வரிக்குப் பதில் வந்திருக்கிறது. மற்றவை எங்கே போயின?

அக்கா


மார்ச் 7

> மற்றவை எங்கே போயின?

கோபிக்காதே அக்கா. கைப்பழக்கம். குழுவில் பதில் சொல்லும் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிடுவோம், படிப்பவர்களுக்கு அதுதான் வசதி. தவிர, ஒரு மடலில் ஒரு விஷயம்தான் எழுத வேண்டும். நீ எல்லாவற்றையும் கலந்துவிட்டாய். அப்பா விஷயத்தைத் தனித் தலைப்பில் அனுப்பு. பார்க்கிறேன்.

தம்பி


மார்ச் 8
பொருள்: அப்பா உன்னோடு பேச வேண்டும், 14ஆம் தேதிக்குள்

ஒரே விஷயம், தனித் தலைப்பு. காரணம் முதல் மடலில் இருக்கிறது. ஏற்கெனவே சொன்னதைத் திரும்ப எழுதக்கூடாது என்பதும் உன் விதிதான்.

அக்கா


மார்ச் 12
பெறுநர்: குழு முழுவதும்
பொருள்: பதில் வராத மடல் பற்றி

குழுவினருக்கு வணக்கம். விதிகளைப் படித்துவிட்டே எழுதுகிறேன்.
எதிர்பார்த்தது: ஒரு மகன் தன் தந்தைக்குப் போன் செய்வது.
நடந்தது: ஒன்றுமில்லை.
செய்து பார்த்தவை: ஒரு மடல், தனித் தலைப்பில் இன்னொரு மடல்.
கெடு: நாளை மறுநாள்.
வேறு என்ன செய்து பார்க்கலாம்?


மார்ச் 12
பெறுநர்: குழு முழுவதும்
பொருள்: பதில்: பதில் வராத மடல் பற்றி

வணக்கம். இந்தக் கேள்வி குழுவின் பொருளுக்கு அப்பாற்பட்டது. இத்தகையவற்றைத் தனிமடலில் எழுதவும். மற்றவர்கள் இந்த மடல் இழையைத் தொடர வேண்டாம்.

நிர்வாகி


மார்ச் 20

அக்கா,

அத்தனை பேருக்கு நடுவில் என் மானத்தை வாங்கியிருக்க வேண்டாம். கெடு தாண்டி ஐந்தாறு நாள், அதனால் என்ன குடி முழுகிவிட்டது? நான்தான் இறங்கி வந்தேன். இன்று மத்தியானம் அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டேன். எடுத்தார்கள். ஹலோ ஹலோ என்று கத்தினேன், சத்தமே இல்லை. சிக்னல் சரியில்லை போல. வைத்துவிட்டேன்.

தம்பி


மார்ச் 21

> ஹலோ ஹலோ என்று கத்தினேன், சத்தமே இல்லை.

சிக்னல் சரியாகத்தான் இருந்தது. எடுத்தது அப்பா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து, இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாங்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். நீ வைத்த பிறகு பலகையில் எழுதிக் காட்டினார்: "குரல் மாறிப்போச்சு அவனுக்கு."

நீ நீக்கிய வரிகளை இப்போதாவது படி. காரணத்தை நான் மறுபடி சொல்லியிருக்கலாம். வீம்பில் சொல்லவில்லை. அது என் தப்பு, நான் வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு "சரி", "மன்னித்துவிடு" என்று ஒற்றை வரிப் பதில் போடாதே. அப்படிப் போடக்கூடாது என்பதுதான் உன் விதிகளில் எனக்குப் பிடித்தது.

குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

அக்கா