ஊற்றைச் சுற்றி ஒரு வேலி

பிப்ரவரி 11

மானிய விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: நிலம் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது? பெட்ரோல் நிலையக் கல்லாவில் உட்கார்ந்தபடி பதில் எழுதினேன். ஊற்றங்கரை முழுக்க மாடு மிதித்த சேறு. போன காட்டுத்தீயில் வெந்த சரிவில் சீட் புல் என்ற களையைத் தவிர எதுவும் முளைப்பதில்லை. அது கோடை தொடங்கும்போதே காய்ந்து அடுத்த தீக்குத் தயாராக நிற்கும். ஊற்றைச் சுற்றி வேலி, குழாய் வழியாகக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி, சரிவுக்கு நாட்டுப்புல் விதை. கேட்பது இவ்வளவுதான். கிடைக்காவிட்டால் அரசாங்க நில அலுவலகம் இந்தப் பொது நிலத்தில் மேய்ச்சலை மூடிவிடும். அண்ணனின் மாடுகளுக்கு வேறு இடமில்லை.

டீசல் போட வந்த அண்ணன் பெனாட் எட்டிப் பார்த்தான்.

"என்னடி நெகா, நம்ம நிலத்தை இப்படிக் கேவலமா எழுதி வச்சிருக்க? அப்பா இருந்தா பூட்ஸைக் கழட்டியிருப்பாரு."

"உள்ளதைத்தானே எழுதியிருக்கேன்."

"வீட்டு அழுக்கை ஊருக்குக் காட்டித்தான் பிச்சை எடுக்கணுமா?"

ஆமாம் அண்ணா. அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 26

அனுப்பிவிட்டேன். சில்வர் பென்ச் பண்ணையும் இதே மானியத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறதாம். சுரங்கக் கம்பெனி வாங்கிப்போட்ட பண்ணை; முதலாளிகள் யாரும் மாட்டைத் தொட்டதில்லை. மானியம் எழுதவே அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். நான் சிகரெட் விற்றுக்கொண்டே எழுதினேன். பொது நிலமாம். யார் அந்தப் பொது?

ஜூன் 9

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

அலுவலகத்திலிருந்து டாலிவர் அம்மா நிலம் பார்க்க வந்தார். பெனாட் புதுச் சட்டை போட்டிருந்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஊற்றுக்குப் போனால் — சேறு இல்லை. குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை. கரை சீவிவிட்ட தலை மாதிரி மழமழவென்று, இளம்புல் தலைகாட்ட. ஒரு சாணிகூட இல்லை!

"நீங்க அனுப்பின படத்துல வேற மாதிரி இருந்துச்சே?" என்றார்.

"அது போன வருஷம் எடுத்ததுங்க," என்றான் பெனாட், நெஞ்சை நிமிர்த்தி. "இப்ப நாங்க நல்லாப் பாத்துக்கிறோம்."

"மாடு இறங்கினா ஒரே வாரத்துல சேறாயிடும் மேடம்," என்று குறுக்கே விழுந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதினார். என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பும்போது வண்டியில் கத்தினேன். அவன் மெதுவாகத்தான் சொன்னான். மாடுகளை எப்போதோ மேட்டுக்கு ஓட்டிவிட்டானாம். தினமும் லாரியில் தண்ணீர் கொண்டுபோனானாம். சேற்றை வாரியால் இழுத்துச் சமன்படுத்தி, விதை தூவினானாம். நான் டவுனில் கிடந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அவங்க வர்றப்பல்லாம் மாட்டைக் குறைன்னுதானே சொல்லியிருக்காங்க? அப்பா காலத்துலேருந்து அதானே? குறை சொல்ல இடம் வைக்கக் கூடாதுன்னு பண்ணேன்."

"இவ குறையைத்தான்டா பாக்க வந்தா! லூசு! லூசு அண்ணா!"

இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் இப்படித்தான். அலுவலக வண்டியின் புழுதி தெரிந்தாலே வேலியைச் சரிசெய்ய ஓடுவார்கள். ஸ்டீயரிங்கிலிருந்து அவன் ஒரு கையை எடுத்து விரித்தபோது பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வாரி கிழித்த கொப்புளம். அதற்குப் பிறகு என்னால் திட்ட முடியவில்லை.

ஜூலை 22

"தேவை குறைவு." இரண்டே வார்த்தையில் காரணம். மானியம் சில்வர் பென்ச்சுக்கு.

பெனாட் பீன்ஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஆகஸ்ட் 19

மேட்டில் புல் தீர்ந்தது. லாரியும் படுத்துவிட்டது. மாடுகள் ஊற்றுக்கே வந்தன. வேறு எங்கே போகும்? கரை பழையபடி சேறு. இன்று அதே டாலிவர் அம்மா வந்தார். நிலம் மிகவும் கெட்டிருக்கிறதாம். மேய்ச்சல் மூடப்படுகிறது.

ஜூனில் கெடாதது ஆகஸ்டில் கெட்டுவிட்டது. கொடுக்க ஒரு கண், பறிக்க ஒரு கண் வைத்திருக்கிறார்கள். அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கும்மா," என்றார். பொய் மாதிரித் தெரியவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அக்டோபர் 5

ஏலத்துக்கு லாரிகள் வந்தன. பெனாட் ஒவ்வொரு மாட்டையும் முதுகில் தட்டி ஏற்றினான். கன்றாக இருந்தபோது பனியில் ஒரு காது உதிர்ந்துபோன அந்தக் கிழவி மட்டும் ஏறவே இல்லை. "போடி. போடி என் ராசாத்தி," என்று அவள் காதில்லாத பக்கமாகக் குனிந்து சொன்னான். ஏறிவிட்டாள்.

அக்டோபர் 6

காலையில் பார்த்தால் மாட்டுப்பட்டிக் கதவு திறந்திருக்கிறது. பெனாட் பழக்கத்தில் போய்த் திறந்திருக்கிறான்.

மார்ச் 3

கீழ்வயலை விற்றோம். பொது நிலத்து மேய்ச்சல் உரிமையும் அந்த வயலோடு வாங்குபவருக்கே போகும். வாங்கியது சில்வர் பென்ச் என்று எழுதவும் வேண்டுமா? மேய்ச்சல் திறந்ததும் அவர்கள் மாடு இறங்கும். மானியமும் கையில் இருக்கிறது.

பெனாட்டை அவர்களே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேலி போடும் கூலி.

மே 14

மத்தியானம் கல்லாவில் இருந்தேன். பெனாட் போன் செய்தான். பின்னால் யாரோ இரும்புக் கம்பம் அடிக்கும் சத்தம்.

"நெகா, ஊத்துலதான் நிக்கிறேன். இவனுங்க வரைஞ்ச வேலிப் படத்துல வாசலே இல்ல. நீ அன்னிக்கு விண்ணப்பத்துல எந்தப் பக்கம் வச்சிருந்த?"

கல்லாப் பெட்டியைச் சாத்தினேன்.

"கிழக்கால. அங்கதான் பனி குவியாது."

"நானும் அதான் நெனச்சேன். மேஸ்திரிகிட்ட சொல்றேன்."

"நல்லா இறுக்கிக் கட்டுண்ணா."

"பின்ன?" என்றான். "நம்ம ஊத்துல்ல?"