நாங்க வச்ச நேரம்

இன்று கன்னிவாடியில் உன் கையைப் பார்த்தேன்.

உரக்கடை நினைவிருக்கிறதா? வாசலில் வேப்பமரம் நிற்குமே, உள்ளே நுழைந்தாலே நெடி ஏறுகிறது என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே வேலை பார்த்தாயே, அதே கடைதான். நாம் நாலு கேமரா மாட்டிக் கொடுத்த எட்டாம் நாளே அண்ணன் தம்பி தகராறில் கடையைப் பூட்டிவிட்டார்கள். இப்போதுதான் சமாதானமாகித் திறந்திருக்கிறார்கள். மூத்தவர் போன் பண்ணினார். "தம்பி, பெட்டி ஓடுது, படமும் வருது. தேதி மட்டும் இருபத்தஞ்சு வருசம் பின்னால போயி நிக்கிது. செத்த வந்து பாருங்க" என்றார்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. படம் பதியும் பெட்டிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்திருந்தது. மாற்றினேன். ஹார்ட் டிஸ்க் பிழைத்திருக்கிறதா என்று பார்க்கப் பழைய பதிவைத் திறந்தேன். இந்தத் தொழிலில் பழையது எதுவும் தங்காது. பதினைந்து இருபது நாளில் டிஸ்க் நிறைந்துவிடும். புதுப்படம் வந்து பழைய படத்தின் மேல் ஏறிக்கொள்ளும். நாம் வேலை பார்த்த எத்தனையோ கடைகளில் நீ நின்ற படமெல்லாம் அப்படித்தான் போனது. இங்கே எட்டு நாள்தான் ஓடியிருந்தது, அதனால் எல்லாம் அப்படியே இருந்தது.

முதலில் வேப்பமரமும் அதற்குப் பின்னால் கடை வாசலும் வந்தன. பிறகு கீழேயிருந்து ஒரு கை எழும்பி வந்து மரத்தை மறைத்தது. விரித்த உள்ளங்கை, மஞ்சள் ஏறிய விரல் நுனிகள், இரண்டு கண்ணாடி வளையல், மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய உன் கடிகாரம். அதில் பதினொன்று இருபது. திரையின் மூலையிலும் பதினொன்று இருபது. பத்து எண்ணும் நேரம் அந்தக் கை ஆடாமல் அசையாமல் நின்றது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ என்னோடு வேலைக்கு வந்ததே என் கோபத்தால்தான். கேமரா மாட்டுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் ஏணி மேல் நின்று கேமராவைத் திருப்ப வேண்டும், இன்னொருவர் உள்ளே மானிட்டர் முன்னால் உட்கார்ந்து எது தெரிகிறது, எது விடுபடுகிறது என்று குரல் கொடுக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். அவனை நான் வீட்டில் வைது தீர்த்துக்கொண்டிருந்தேன். நீ குழம்பை ஊற்றிக்கொண்டே, "தெரியுது, தெரியலைன்னு சொல்றதுதானுங்களே வேலை? எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாய்.

முதல் வேலை பழனி ரோட்டில் ஒரு பாத்திரக்கடை. வாசலில் ஏணி மேல் நின்றுகொண்டு "தெரியுதா?" என்று கத்தினேன். "தெரியுதுங்க. இன்னொரு சாண் தெக்க தள்ளுங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம். "இடதா வலதான்னு சொல்லு. ஏணி மேல நிக்கிறவனுக்குத் தெக்கு வடக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன். "வெளியிலதானுங்க நிக்கிறீங்க. சூரியனப் பாத்தாத் தெரியாதுங்களா?" என்றாய். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

நெய்க்காரப்பட்டியில் பிறந்தவளுக்கு இடதும் கிடையாது வலதும் கிடையாது. சாப்பாட்டுத் தட்டைக்கூட "கொஞ்சம் மேக்க நகத்துங்க" என்பாய். உங்கள் அப்பா தோப்பில் தண்ணீர் முறையே நிழலை வைத்துத்தான் என்று சொல்வாய். தென்னை நிழல் மேற்கு வரப்பை விட்டு இறங்கினால் பக்கத்துக் காட்டுக்காரர் முறை முடிந்தது, உங்கள் முறை தொடங்கியது. கடிகாரம் வாங்க வக்கில்லாதவர்கள் பேச்சு என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன்.

அன்று நாலு கேமராவின் படமும் ஒரே திரையில் விழுந்தபோது நீ நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாய். ஒரு கேமரா உனக்குப் பின்னால் இருந்தது. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கொண்டையில் கனகாம்பரம். நீ கையைத் தூக்கினாய், அவளும் தூக்கினாள். "ஏனுங்க, இது நானுங்களா? பொறந்ததுலருந்து எம் முதுக நான் பாத்ததே இல்லீங்க" என்றாய். பிறகு கீழே கிடந்த ஒயர்த் துண்டை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாய். "இத்துனூண்டு ஒயருக்குள்ள அத்தனை பெரிய கடை எப்படிங்க போகுது?" என்று கேட்டாய்.

பத்து வருடமாக அந்த ஒயரைக் கட்டுக்கட்டாக இழுத்தவன் நான். அப்படி ஒரு கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சிக்னல் என்றேன், மின்சாரம் என்றேன், வண்டியில் பேகம்பூர் தாண்டும் வரைக்கும் உளறினேன். நீ பின்னால் உட்கார்ந்து "அப்புறமுங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். கடைசியில், எனக்கும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடையிலும் முதல் படம் விழும்போது எனக்கும் ஆச்சரியமாக இருக்க ஆரம்பித்தது.

சின்னாளபட்டி ஜவுளிக்கடையைப் பற்றி நாம் பிறகு அதிகம் பேசிக்கொண்டதில்லை. எனக்கு வெட்கம். இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

நாம் கேமரா மாட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது மோதிரத்தைக் கழற்றிக் குடோன் ஜன்னலில் வைத்திருக்கிறார். சாப்பிட்டு வந்து பார்த்தால் காணோம். மறுநாள் காலையில் நம்மைக் கூப்பிட்டார், படத்தைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்க வேண்டும், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று. கடையில் சேலை மடிக்கும் செல்வி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். படத்தில், கடைக்கும் குடோனுக்கும் நடுவில் இருக்கும் திறந்த முற்றத்தைத் தாண்டி அவள்தான் குடோனுக்குள் போகிறாள். மூலையில் மணி ஒன்றே முக்கால்.

"ஒண்ணே முக்காலுக்கு நான் வீட்ல சோறு தின்னுக்கிட்டு இருந்தேண்ணே. பதினோரு மணிக்கு நீங்கதான் கட்டு எடுத்தாரச் சொன்னீங்க, அப்பத்தான் போனேன்" என்றாள் செல்வி.

"அது காலைல போனது. மத்தியானம் ரெண்டாந்தடவ எதுக்குப் போன? இந்தா, மணியோட காட்டுதுல்ல?" என்றார் முதலாளி.

அவள் அழவில்லை. மறுபடி மறுபடி அதையே சொன்னாள், ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கீழே இறங்கியது. நான் பென்டிரைவைச் செருகிப் படத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். நீ திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏனுங்க, குடோன் மேக்கால இருக்குதுங்களா, கெழக்கால இருக்குதுங்களா?"

"மேக்க. பேசாம இரு."

"முத்தத்துல கொடி கட்டுற கம்பி நிக்குதுங்களே, அது நெழலப் பாருங்க. குடோன் பக்கமா விழுந்திருக்குது. ஒண்ணே முக்காலுக்கு நெழலு கெழக்கால வரோணுமுங்களே?"

இப்போது ஓடும் படத்துக்கு மாற்றினேன். கடைச் சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. பெட்டியின் மூலையில் ஒரு மணி.

அந்தப் பெட்டிகள் வேறு நாட்டு நேரத்தோடுதான் வரும், நம் நாட்டுக்கு மாற்ற வேண்டும். நான் கடிகாரத்தை மட்டும் சரியாக வைத்துவிட்டு, எந்த நாடு என்பதை மாற்ற மறந்துவிட்டேன். முந்தின நாள் காலையில் யாரோ கடையில் இன்டர்நெட்டை இணைத்திருக்கிறார்கள். இணைத்ததும் பெட்டி தானாக நேரத்தைத் தேடிப்போய் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது. செல்வி குடோனுக்குப் போனது பதினொன்றே காலுக்குத்தான்.

இதெல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும். மேஜைக்கு அடியில் உன் காலை மிதித்தேன். "வெளிய போயி பேசிக்கிருவோம்" என்று முணுமுணுத்தேன். அந்தத் தெருவில் இன்னும் மூன்று கடைக்கு வேலை பேசியிருந்தோம். பெயர் கெட்டால் போச்சு என்பது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது. அவள் நின்ற சுவர்ப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

நீ காலை இழுத்துக்கொண்டாய். எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாய்.

"அண்ணா, அந்தப் புள்ள சொல்றது நெசமுங்க. பொட்டியில நாங்க வச்ச நேரம் தப்புங்க."

நாங்க. அந்தப் பெட்டியில் நீ ஒரு பொத்தானைக்கூடத் தொட்டதில்லை. "இவரு வச்ச நேரம்" என்று சொல்லியிருந்தால் அதில் பொய்யில்லை. முதலாளி உன்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வாய்க்கு வந்தபடி வைதார். உன்னையும் சேர்த்துத்தான் வைதார். நீ தலையைக் குனியவில்லை. செல்வி சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்து, அப்போதுதான் அழுதாள். மோதிரம் ஜன்னலுக்குக் கீழே அடுக்கியிருந்த சேலைக்கட்டுக்குள் விழுந்து கிடந்ததாக இரண்டு நாள் கழித்துச் சேதி வந்தது.

நான் எங்கும் நிறுத்தாமல் வண்டியை ஓட்டினேன். வீட்டு வாசலில் இறங்கியதும் நீதான் பேசினாய். "அந்தப் பென்டிரைவுல இருக்குற செல்வி படத்த அழிச்சுப்போடுங்க. ஊரார் படம் நம்ம ஊட்டுக்குள்ள வரப்படாதுங்க" என்றாய். அழித்தேன். "இனிமேட்டு ஒவ்வொரு கேமராவுக்கும் எங் கெடிகாரத்தக் காட்டிட்டுத்தான் வருவேனுங்க. பொய்சாட்சி சொல்றதுக்குக் கேமரா இல்லாமயே இருக்கலாமுங்க" என்றாய். அதற்குப் பிறகு நாம் மாட்டிய அத்தனை கேமராவும் முதலில் பார்த்தது உன் உள்ளங்கையைத்தான்.

உன் பக்கத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தேன், ஒருநாளும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று அந்தக் கடையில் உன்னைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. கோயிலில் கதவு திறக்கும்போது வரும் பயம். இப்படிப்பட்ட ஒருத்தியோடா நான் சோறு தின்கிறேன், இவளிடமா தெற்கு எது என்று சண்டை போடுகிறேன் என்று நினைத்தேன். சிறுநீரகம் கெட்டு நீ படுத்திருந்த நாட்களில்கூடச் சொல்லவில்லை. வெயில் ஜன்னலில் எங்கே விழுகிறது என்று பார்த்து நீ நர்ஸ் வரும் நேரத்தைச் சொல்வாய், நான் சிரிப்பேன், அவ்வளவுதான். நீ போய் இந்தக் கார்த்திகையோடு இரண்டு வருடம்.

உரக்கடைப் படத்தில், கை இறங்கியதும் நீ திரும்பி மானிட்டர் பக்கம் நடந்து போனாய். முகம் விழவே இல்லை. கொண்டை, பூ, உன் முதுகு. படத்தில் சத்தம் கிடையாது, ஆனாலும் உள்ளே போய் நீ "தெரியுதுங்க" என்று சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை பார்த்தேன்.

மூத்தவர் பின்னால் வந்து நின்றார். "பழசெல்லாம் சண்டை நாளு படம் தம்பி. அம்புட்டையும் அழிச்சிருங்க, புதுசா ஆரம்பிப்போம்" என்றார்.

சட்டைப்பையில் பென்டிரைவ் இருந்தது. உன் கையும் நடையும் அரை நிமிடம்கூட இல்லை, ஏற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். கேட்டிருந்தால் அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். பையில் கைவிட்டுப் பென்டிரைவைத் தொட்டுக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மரத்தடியில் அவருடைய ஆட்கள், அவருடைய வாசல், அவர் வீட்டுச் சண்டை எல்லாம் அந்தப் படத்தில்தான் இருந்தன. ஊரார் படம். அழிக்கட்டுமா என்று பெட்டி கேட்டது. அழித்தேன். உன் பேச்சைக் கேட்டு உன்னையே அழித்தேன், கோபித்துக்கொள்ளாதே.

பிறகு முதல் வேலையாக நாட்டை மாற்றினேன். அடுத்து மணியை வைத்தேன். உன் கடிகாரம் என் மணிக்கட்டுக்குப் பத்தாது, சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வேப்பமரத்துக்கு முன்னால் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். பழக்கத்தில் "தெரியுதா?" என்று கத்திவிட்டேன்.

"தெரியுது தம்பி, மணியும் சரியாத்தான் இருக்கு" என்று உள்ளேயிருந்து மூத்தவர் சொன்னார். "பொம்பளப் புள்ள கெடிகாரமால்ல இருக்கு?"

நான் ஏணியை மடித்து வண்டியில் கட்டும்போது அவர் வாசல் வரைக்கும் வந்தார். "ஒத்த ஆளா அலையிறீங்களே தம்பி. நாளைக்கு இது மறுபடி மக்கர் பண்ணுச்சுன்னா யாரு வருவா?" என்றார்.

"நாங்க வருவோம்ணே" என்றேன்.