ஃபேன் மாட்டாத ஓட்டை

ஆகஸ்ட் 11, திங்கள்

யோவ் ராக்கோழி, இன்றைக்கு வேலைக்குப் போய்விட்டு வந்தேன். உனக்கு முப்பதாம் நாள் கும்பிட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது. பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பிசிறு வெட்டினேன். கை அது பாட்டுக்கு வெட்டியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவே போதும் என்று இருந்தது.

இந்த டைரி உன் கம்பி கம்பெனியில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. பால் கணக்கு எழுது என்று என்னிடம் கொடுத்தாய். அஞ்சாவது படித்தவள் வேறென்ன எழுதப் போகிறாள் என்று சிரித்தாய். பால் வாங்குவதை நிறுத்திவிட்டேன். உன் அம்மாவும் நானும் பாலில்லாத வரடீதான் குடிக்கிறோம். பக்கமெல்லாம் சும்மா கிடக்கிறது.

பரணில் ஏதோ சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி. எலியாக இருக்கும். எழுந்து பார்க்கத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வேலை. வந்தேன். படுத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எலி இல்லை. ஆந்தை.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். சமையல் புகை போக எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுகிறேன் என்று பரணுக்கு மேலே சுவரை உடைத்தாயே, அந்த ஓட்டை வழியாக வந்திருக்கிறது. ஃபேன் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று ஓட்டை ஓட்டையாகவே நின்றுவிட்டது. உன் பழைய காக்கிச் சட்டை மூட்டை மேல் குஞ்சுகள். அழுக்குப் பஞ்சு ஒட்டின மாதிரி, ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. தாய் மூலையில் நின்று என்னைப் பார்த்தது. வெற்றிலையை வைத்து வெட்டினாற்போல் வெள்ளை முகம், அதில் இரண்டு கறுப்புக் கண். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து முழிப்பாயே, அந்த முழி.

அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அத்தை கை நிறைய உப்பை அள்ளி அடுப்பில் போட்டார். நெருப்பில் உப்பைப் போட்டால் ஆந்தை வாய் அடைக்குமாம். விறகடுப்பா அது? கேஸ் அடுப்பு. ஆந்தை வாய் அடைக்கவில்லை, பர்னர் அடைத்துக்கொண்டது. ஊக்கை வைத்துக் குத்திக் குத்தி எடுத்துவிட்டுத்தான் உலை வைத்தேன்.

"எம் புள்ளய இதுதான்டி கூப்புட்டுக்கினு போச்சு" என்று அழுதார்.

ஒரு தரம் கத்தினால் சாவு. இரண்டு தரம் என்றால் நினைத்தது நடக்கும். மூன்று என்றால் வீட்டுக்குப் பெண் வருவாள். இந்த லைன் வீடுகளில் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நீ போனதற்கு முதல் நாள் ஒரே தரம்தான் கத்தியதாம். கடைசி வீட்டு முத்தம்மா கேட்டாளாம்.

ஆந்தை கூப்பிடவில்லை. எனக்குத் தெரியும். நைட் முடித்து வண்டியை எடுத்தவனுக்கு போன் பண்ணி, மாற்று ஆள் வரவில்லை, பகலும் சேர்த்துப் பார் என்று திரும்பக் கூப்பிட்டது கம்பெனி. ரெண்டு ஷிஃப்டும் முடிச்சிட்டு வர சொல்லோ கவரைப்பேட்டை பாலத்தாண்ட தூங்கிட்டே. லாரிக்காரன் ஹாரன் அடிச்சானாம். அவன் எத்தினி தரம் அடிச்சான்னு எவனாவது எண்ணினானா?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பக்கத்து வீட்டுத் துளசிராமன் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு, ஒரு இரும்புப் பாண்டு நிறைய சிமெண்ட் கலவையோடு வந்தான். ஓட்டையை அடைக்க வேண்டுமாம். அவன் பெண்டாட்டி தமிழ்செல்விக்கு ரொம்ப வருஷம் கழித்து இந்தத் தரம்தான் வயிற்றில் தங்கியிருக்கிறது, இப்போது ஏழாம் மாசம். பயம் அவனுக்கு. குஞ்சு உள்ளே இருக்கிறதே, பறக்கிற வரை விடு என்றேன்.

"அக்கா, உங்களுக்கு இனிமே போறதுக்கு ஒன்னும் இல்ல. எனக்குக் கீதுக்கா" என்றான்.

வேண்டுமென்று சொல்லவில்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அதனால்தான் வலித்தது.

வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் கோபால் வந்து பஞ்சாயத்து பண்ணினார். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அடைத்துவிடலாம் என்றார். துளசிராமன் அதுவரைக்கும் அவன் வீட்டு ஜன்னலுக்குச் சாக்குக் கட்டிக்கொண்டான். இந்த வெயிலில்.

செப்டம்பர் 5, வெள்ளி

தமிழ்செல்விக்கு வளைகாப்பு. பச்சை வளையல் வாங்கி வைத்திருந்தேன். லீவும் சொல்லியிருந்தேன். நேற்று சாயங்காலம் அவளே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. எங்கம்மா வராங்க. அவங்க கொஞ்சம் பாப்பாங்க."

எனக்கு வேலை இருக்கிறது, நான் இருக்கவே மாட்டேன் என்றேன். காலையில் பின்பக்கமாகப் போய் ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை ரயில் போனதோ. திரும்பி வந்தால் வாசலில் கிண்ணம் போட்டு மூடிச் சாதம் வைத்திருந்தார்கள். புளிசாதம் நன்றாகத்தான் இருந்தது. வளையல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

புது ஆர்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா மூடி. மூடியில் ஆந்தை, கண்ணாடி போட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு. எதற்கு சார் ஆந்தை என்று கேட்டேன். வெளிநாட்டில் ஆந்தைதான் புத்திசாலியாம், பிள்ளைகள் கேட்டு வாங்குமாம். நாள் முழுக்க அதற்குப் பிசிறு வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அத்தை பரணைப் பார்த்து விளக்குமாற்றைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பரணுக்குக் கீழே ஒரு உருண்டை விழுந்து கிடந்தது. முடியும் எலும்பும் சேர்த்துப் பிடித்த மாதிரி. உள்ளே நகம் அளவுக்கு ஒரு மண்டை ஓடு. செய்வினை என்று அத்தை கத்த, லைனே கூடிவிட்டது. முத்தம்மாதான் குச்சியால் கிண்டிப் பார்த்தாள். "எலிடி இது. முழுங்கிட்டு வேணாங்கிறத துப்பிக்கீது. உனக்கு செய்வின வைக்க எவன் டப்பு செலவு பண்ணுவான்?"

அரிசி மூட்டையை எலி கடித்து ரொம்ப நாள் ஆகிறது என்று அப்போதுதான் தோன்றியது. அத்தையிடம் சொன்னேன். மூட்டையைப் புரட்டிப் பார்த்தார். ஆனால் உப்பு ஜாடியை அடுப்புப் பக்கத்திலிருந்து நகர்த்தவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிற மிதாலி வந்தாள். வங்காளத்துப் பெண். புருஷனோடு பிழைக்க வந்து, அரைகுறைத் தமிழில் எல்லாரையும் சமாளிக்கிறாள். ஸ்டூலில் ஏறிப் பரணைப் பார்த்தவள் கையெடுத்துக் கும்பிட்டு, நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு குலவை போட்டாள் பார். லைனே வெளியே ஓடி வந்தது. ஆந்தைதான் கத்துகிறது என்று துளசிராமன் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டான்.

"இது லட்சுமி வண்டி அக்கா. எங்க ஊரு லட்சுமி இது மேலே உக்காந்து வருது."

"ஏன், உங்க ஊரு லட்சுமிக்கு வேற வண்டி கெடைக்கலியா?" என்றார் அத்தை.

ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை. வாயைத் துடைக்கிற மாதிரி பண்ணிக்கொண்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

பௌர்ணமி. மிதாலி வீட்டில் பூஜை. நான் வரலாமா என்று கேட்டேன். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தரையில் அரிசி மாவால் சின்னச் சின்னக் கால் தடம் போட்டு, பக்கத்தில் ஒரு ஆந்தையும் வரைந்திருந்தாள்.

இன்றைக்கு லட்சுமி ஆந்தை மேல் ஏறி ஊரைச் சுற்றி வருவாளாம். யார் முழித்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்பாளாம். முழித்திருப்பவர்கள் வீட்டுக்குள் வருவாளாம். தூங்குகிற வீட்டைத் தாண்டிப் போய்விடுவாளாம்.

எழுந்து வந்துவிட்டேன். பிரசாதம்கூட வாங்கவில்லை.

யோவ், இந்த ஊர்ல உன்னவிட எவன்யா முழிச்சிக்கினு இருந்தான்? எந்தப் பௌர்ணமிக்கு நீ ஊட்ல தூங்கினே? கம்பி கம்பெனிக்கு மட்டும் அவளுக்கு வழி தெரியலியா?

அக்டோபர் 12, ஞாயிறு

மிதாலி சொன்னது வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது. தேங்காயும் பூவுமாக வந்து பரணுக்குக் கீழே கற்பூரம் காட்டினார். ஓட்டையை யாரும் தொடக் கூடாது என்றார். துளசிராமன் ஜன்னல் சாக்கை அவிழ்த்தான். நிம்மதியாக இருந்தது, சாயங்காலம் வரைக்கும்.

சாயங்காலம் அவர் இன்னொரு ஆளோடு வந்தார். எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், ஆந்திராக்காரன். தீபாவளி அமாவாசையில் யாரோ பெரிய இடத்துப் பூஜைக்கு இந்த மாதிரி வெள்ளை முக ஆந்தை வேண்டுமாம். உயிரோடு வேண்டுமாம். பூஜை முடிந்தால் உயிரோடு இருக்காது. குஞ்சுகளையும் எடுத்துக்கொள்கிறேன் என்றான். வீட்டுக்காரர் கை நீட்டிப் பணம் வாங்கியாகிவிட்டது. சனிக்கிழமை விடியும் நேரம், தாய் வந்து அடைந்ததும் வலையோடு வருவானாம். விரதம் இருந்து, சகுனம் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்குக் கிளம்புவேன் என்று பெருமையாகச் சொன்னான்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வீட்டைக் காலி பண்ணு என்பார். அத்தையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்?

சாவு என்று சொன்னவன் சிமெண்டோடு வந்தான். லட்சுமி என்று சொல்கிறவன் வலையோடு வருகிறான். அது எலியப் புடிச்சாந்து புள்ளைங்களுக்குக் குடுத்துக்கினு இருக்குது, அவ்ளோதான்யா.

அக்டோபர் 16, வியாழன்

பெரிய குஞ்சு ஓட்டை விளிம்பு வரை வந்து எட்டிப் பார்க்கிறது. இறக்கையை விரிக்கிறது, மடக்குகிறது. இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தால் போதும்.

சகுனம் பார்த்துத்தான் வருவேன் என்றானே. அதையே நினைத்துக்கொண்டு பிசிறு வெட்டினேன்.

அக்டோபர் 18, சனி

விடிகிறபோது காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்து முனையில் போய் நின்றேன். போகும்போது நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், பொட்டு ஒன்றும் இல்லையே என்று.

அவன் வண்டி சந்துக்குள் திரும்பியது. பின்னால் வலையும் கூடையும். என்னைப் பார்த்ததும் பிரேக் போட்டான். ஓரமாகப் போ என்றான். தண்ணீர் லாரிக்கு நிற்கிறேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பி டீக்கடை வரைக்கும் போனான். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, முதலிலிருந்து கிளம்பி வந்தான்.

அதற்குள் என் பக்கத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தார். நான் அவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை. குடத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். கையில் காலிச் சொம்பு.

"எங்க நைனா போற, காலங்காத்தால?" என்று கேட்டார். கிளம்புகிறவனைப் பார்த்து அதைக் கேட்கலாமா? அதற்காகவேதான் கேட்டார்.

அவன் மறுபடியும் திரும்பிப் போனான். மூன்றாம் தரம் அவன் வரும்போது முத்தம்மா வெளியே வந்தாள். அவளும் எங்களைப் போலத்தான், அவள் புருஷன் போய்ப் பல வருஷம். எங்கள் பக்கத்தில் நின்றவள் தெருவே கேட்கிற மாதிரி ஒரு தும்மல் போட்டாள். நிஜத் தும்மலா என்று கேட்டால் இப்போதும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அவன் வண்டியைத் திருப்பிவிட்டான். இந்த இடமே ஆகாது, கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டுப் போனான். தாய் ஆந்தை எப்போதோ வந்து அடைந்துவிட்டிருந்தது.

உள்ளே வந்ததும் அத்தை சிரித்தார். நீ போன பிறகு இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"நம்ம மூஞ்சிக்கும் ஒரு வேல இருந்துதுடி" என்றார். அப்புறம் அழுதார்.

எனக்குக் குடத்தைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. ரொம்ப நேரம் இடுப்பிலேயே இருந்தது. எல்லாரும் ஆவாத மூஞ்சின்னு சொல்ல சொல்லோ ஒளிஞ்சிக்கினு இருந்தேன். இன்னிக்கி நானே போயி அப்படி நின்னேன். சரியா அது, தப்பா அது, ஒன்னும் தெரியலய்யா. அசதியா இருக்குது.

அக்டோபர் 20, திங்கள்

நமக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லை. வெடிச் சத்தத்துக்குக் குஞ்சுகள் உன் சட்டை மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தன.

அக்டோபர் 29, புதன்

பரண் காலி. பெரிசு போன வாரமே பறந்து தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தது. சிறிசு நேற்று சாயங்காலம் போனது. ஏறிப் பெருக்கினேன். உன் சட்டையெல்லாம் எச்சம். துவைக்கலாம், இன்றைக்கு வேண்டாம்.

வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. துளசிராமன் வந்து, இப்போ அடைத்துவிடட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். அவனும் சரி என்று போய்விட்டான்.

நவம்பர் 9, ஞாயிறு

விடியற்காலை பக்கத்தில் ஆட்டோ ஸ்டார்ட் பண்ணும் சத்தம். கதவைத் திறந்தேன். துளசிராமன் தாங்கிப் பிடித்துக்கொண்டு வர, வலியோடு தமிழ்செல்வி நேர் எதிரே வந்துவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் போகத் திரும்பினேன்.

"எங்கக்கா போறீங்க? வந்து வண்டில ஏறுங்க" என்றாள்.

அவள் அம்மா வருவதற்கு நேரமாகும். தலைகூட வாராமல் ஏறினேன். வழி முழுக்க என் கையை நெரித்துக்கொண்டே வந்தாள். இன்னும் வலிக்கிறது.

பெண் குழந்தை. நர்ஸ் கொண்டுவந்து என் கையில்தான் கொடுத்தாள். பிறந்த பிள்ளை தூங்க வேண்டாமா? கண்ணை அகல விரித்துக்கொண்டு என்னையே பார்த்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பச்சை வளையலை எடுத்து வெளியே வைத்தேன். நாளைக்குக் கஞ்சியோடு எடுத்துப் போக வேண்டும்.

இருட்டுகிற நேரம் தண்ணீர்த் தொட்டி மேல் ஆந்தை கத்தியது. அத்தை உப்பு ஜாடிப் பக்கம் போகவில்லை. எத்தனை தரம் கத்தியது என்று நானும் எண்ணவில்லை.

யோவ் ராக்கோழி, அந்தப் பாலத்தாண்ட உன்ன யாராவது கேட்டாங்களா, முழிச்சிக்கினு இருக்கியான்னு?