பச்சை வட்டம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், குழந்தைக்குச் சளி விட்டதா என்று எழுது. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதச் சொல்கிறார் உன் அப்பா, அதை அப்படியே நம்பிவிடாதே. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் என் எதிரிலேதான் சொன்னார், இவரோ நான் குளித்துவிட்டு வருவதற்குள் தெருமுனை பம்புக்குப் போய் வாளிகளை நிரப்பிக்கொண்டு வந்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூச்சு வாங்குகிறார். கேட்டால் பாதி வாளிதான் என்கிறார். எனக்கு முட்டி வலி வந்ததிலிருந்து இந்தத் திருட்டுத்தனம். குழாய் விஷயத்தைப் போனில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

மாவட்டத்தையே முன்னேற்றப் போகிறார்களாம். தலைவர் சிரிக்கிற படத்தோடு பெரிய பலகை வைத்திருக்கிறார்கள், வீட்டுக்கு வீடு குழாய், தெருவுக்குத் தெரு விளக்கு. விளக்குக் கம்பம் வந்துவிட்டது, விளக்கு பின்னால் வருமாம். படிப்பகத்துக்குப் பூட்டு வந்திருக்கிறது, புத்தகம் வரவில்லை. இந்த லட்சணத்தில், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு தம்பி வந்து நம் வாசலை அளந்து, கதவருகே சிவப்புப் பெயின்ட்டில் ஒரு வட்டம் போட்டார். என்னப்பா இது என்று கேட்டேன். "உங்க வீட்டையும் எடுத்தாச்சும்மா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பெரிய சாலையை அகலப்படுத்தியபோது தையல்காரர் கடையையும் இப்படித்தான் எடுத்தாச்சு என்றார்கள், கொஞ்ச நாளில் பாதிக் கடைதான் நின்றது, மனிதர் மிஷினைத் தெருவில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். உன் அப்பா, "நல்லதுக்குத்தான் இருக்கும், சும்மா இரு" என்றார். யார் வந்தாலும் நாற்காலி போடுகிற மனிதர் வேறென்ன சொல்வார். அவர் மதியம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தேன். அவர்கள் வீட்டை எடுப்பதற்குள் நான் வட்டத்தை எடுத்துவிட்டேன்.

அடுத்த தெருவில் குழாய் பதிக்க ஆரம்பித்த பிறகுதான் தையல்காரர் மனைவி வந்து சொன்னாள், எடுத்தாச்சு என்றால் திட்டத்தில் சேர்த்தாச்சு என்று அர்த்தமாம், சிவப்பு வட்டம் இருக்கிற வாசலில்தான் தோண்டுவார்களாம். சேர்த்தாச்சு என்று சொன்னால் அந்தத் தம்பிக்கு வாயா வலிக்கும்? சரி, அழித்த கையே வரையட்டும் என்று பெயின்ட்டைத் தேடினேன். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைதான் இருந்தது. வட்டம் வட்டம்தானே என்று அதே இடத்தில் அதே அளவில் போட்டேன், அவர் போட்டதைவிட அழகாகவே வந்தது. தோண்டுகிறவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், "இங்க வேலை முடிஞ்சிருச்சு" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள். பச்சை என்றால் குழாய் போட்டுத் தண்ணீரும் விட்டாயிற்று என்று அர்த்தமாம். ஒன்றும் போடவில்லை, உள்ளே வந்து பாருங்கள் என்று பின்னாலேயே போனேன், ஆபீசில் சொல்லச் சொன்னார்கள். ஆபீசில் அதே தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்லதான் தண்ணி வருதேம்மா" என்கிறார். என் வீட்டில் தண்ணீர் வருவது எனக்குத்தான் தெரியவில்லை. வட்டம் நான் போட்டது என்று சொல்ல அங்கே வாய் வரவில்லை. ஆனாலும் குழாயைப் பார்க்காமல் வட்டத்தைப் பார்த்து எழுதிக்கொள்கிறவர்களை என்னவென்று நம்புவது?

இன்னும் கேள். திட்டத்தைத் திறந்துவைக்க வருகிற வாரம் தலைவர் வருகிறாராம். முதலில் வேலை முடிந்த வீடு நம்முடையதுதானாம், நம் வாசலில்தான் படம் எடுப்பார்களாம், அந்தத் தம்பியே வந்து சொல்லிவிட்டு, வாசலைப் பெருக்கி வைக்கவும் சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பாவுக்குச் சங்கடம். "வர்றவங்கள அவமானப்படுத்தாத, நான்தான் தண்ணி தூக்குறேனே, எனக்கென்ன" என்கிறார். அந்த எனக்கென்னவில்தான் எனக்கு உயிரே போகிறது. அவர் ஒரு நாள் பம்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டால், நான் எந்த நிறத்தில் வட்டம் போட்டு அவரை எழுப்புவேன்? அதனால் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். தலைவர் வரட்டும், உன் அப்பா நாற்காலி போடட்டும், நான் வாளியைத் தலைவர் கையில் கொடுத்து, "இதுல ஒரு வாளி பிடிச்சுக் குடுங்கய்யா" என்று கேட்பேன். வட்டம் என் கைவேலை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவேன், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இதையெல்லாம் நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அப்பாவைப் பேசவிடு. என்ன சொல்கிறார் என்று கேட்காதே, நடுவில் மூச்சு வாங்குகிறாரா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா