மும்தாஜுக்குக் கொடுத்த அமெரிக்கக் கதை

ஜூலை 18, வெள்ளி

விடிந்ததிலிருந்து புழுக்கம். ஆடி முதல் வெள்ளி, திருவேற்காட்டு அம்மன் கோயிலில் நிற்க இடமில்லை. வரிசையில் பக்கத்துவீட்டு சரோஜாவிடம் அந்த அமெரிக்கக் கதையைப் பற்றியே பேச்சு. நூலகத்தில் எடுத்தது, தமிழில். மகன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். தாய் தினமும் அவனுக்கும் தட்டு வைக்கிறாள். செத்திருப்பான் என்கிறது ஊர். கடைசியில் பார்த்தால் அடுத்த ஊரிலேயே பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். வர மனசில்லை. அவ்வளவுதான்.

"இன்னாக்கா, அம்மன் வாசல்ல நின்னுகினு அமெரிக்காகாரன் கதைய சொல்ற?"

"அவளும் தாயிதானேடி. கேக்கட்டும்."

நான் சொல்லி நம் தெருவில் நாலு பேர் படித்தாயிற்று. ஒருத்திக்கும் தூக்கமில்லையாம். எட்டாவது வரைக்கும் படித்த எனக்கு அதில் ஒரு பெருமை. தாயே, மன்னித்துக்கொள்.

எலுமிச்சை, கற்பூரம். கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. எதிர்வீட்டு மும்தாஜ் ஜாக்கெட் தைத்துக் கொண்டுவந்தாள். கை கொஞ்சம் இறுக்கம்.

"தெருவே படிச்சிட்டு அழுவுது. எனக்கு மட்டும் தர மாட்டியாக்கா?"

எப்படித் தருவது? அவள் மகன் அன்வர் சண்டை போட்டுப் போய் ரெண்டு வருஷம். ஒரு போன் இல்லை. துபாயில் இருப்பான் என்று நாங்களாகச் சொல்லி வைத்திருக்கிறோம்.

உள்ளே போய், கடைசிப் பக்கங்களைச் சேர்த்து ஊக்கு குத்தி எடுத்து வந்தேன்.

"அங்க கிழிஞ்சிருக்கு, பிரிக்காத. பையன் வந்துர்றான். அதான் முடிவு."

விளக்கேற்றும்போது அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 21, திங்கள்

தலைவலி. சாம்பார் அடிப்பிடித்தது. எதிர்வீட்டில் தையல் மெஷின் சத்தமே இல்லை. போய்ப் பார்க்கலாம் என்று ரெண்டு தடவை செருப்பை மாட்டினேன். போகவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

டீ போடும்போது மும்தாஜ் வந்தாள். புத்தகத்தை வைத்தாள், பக்கத்தில் ஊக்கு.

"சரோஜாக்கு குடுத்தப்ப ஊக்கு குத்தல. எனக்கு மட்டும் இன்னாத்துக்குக்கா?"

"நீ தாங்க மாட்டேன்னுதான்டி..."

"ரெண்டு வருஷமா இதான நெனச்சிகினு படுக்கறேன். ஆவடில கீறானா, அம்பத்தூர்ல கீறானா? பஸ்ல போனா ஒவ்வொரு மூஞ்சியா பாக்கறேன். தெருவுல எல்லாரும் துபாய்ன்றீங்க. எங்கிட்ட நெசத்த பேசுனது இந்த ஒரு புக்குதான். அதையும் நீ பூட்டிட்ட."

அழவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

"இப்பனாச்சும் நெசத்த சொல்லுக்கா. வருவானா?"

தெரியவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அம்மன் மேல் ஆணையாக.

"வந்துருவான்டி. அம்மன் பாத்துப்பா."

ஊக்கை என் பக்கம் தள்ளினாள்.

"சரிக்கா" என்றாள். போய்விட்டாள்.