மூன்றாவது கிளாவர் ஒன்பது

குன்றத்தூர்
9.11.2014

அன்புள்ள கோமதிநாயகத்துக்கு,

தசரதன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். வலது முழங்கால் சௌக்கியமில்லை, மற்றதெல்லாம் பரவாயில்லை. ரிட்டையர் ஆகிச் சும்மா இருந்தால் ஓய்வு கிடைக்கும் என்றார்கள். ஷிப்டுக்குப் போன நாளைவிட இப்போதுதான் அதிகம் களைப்பாக இருக்கிறது.

இரண்டு வருஷமாக நீ என் போனை எடுப்பதில்லை. போன மாதம் உன் வீட்டுக்காரி, தங்கச்சி கனகலட்சுமியின் நம்பருக்குப் போட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடவில்லை, அந்த மட்டில் மரியாதை தெரிந்தவள். "அண்ணாச்சி, அவுக வீட்ல யார்கிட்டயும் பேச மாட்டேங்காவ. போன்ல சீட்டு வெளாடிக்கிட்டே இருக்காவ. காசு கட்டலை, சும்மாத்தான்" என்றாள். எந்த ஆட்டம், என்ன பெயரில் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவளைக் கோபிக்காதே. கேட்டது நான்.

என் மருமகள் எழிலரசி அவள் போனில் அதே ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். நான் ஆறாவதோடு நின்றவன். டூல் ரூமில் மைக்ரோமீட்டர் பார்க்கக்கூட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதையும் நானே பழகிக்கொண்டேன். உன் பெயரைத் தேடிப் பிடித்து எதிரே உட்கார்ந்தேன். என் பெயரைப் பார்த்ததும் டிராப் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விட்டாய். மறுநாளும் அப்படி. மூன்றாம் நாளும் அப்படி.

சீட்டைப் பிரித்த பிறகு எழுந்து போவது எந்த ஊர் மரியாதை? கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் பதினான்கு வருஷம் ஆடினோம். மடியில் பலகை, நாலு பேர், தோற்றவன் டீ வாங்க வேண்டும். அடுத்தவன் கையை எட்டிப் பார்த்ததுண்டா? புதிதாக வந்தவன் தப்பாக இறக்கினால் சிரித்ததுண்டா? இருங்காட்டுக்கோட்டை கேட் வந்து ஆட்டம் முடியாவிட்டால், அவரவர் பதின்மூன்று சீட்டை ரப்பர் பேண்டு போட்டு அவரவர் டிபன் பையில் வைத்துக்கொள்வோம். கவிழ்த்த கட்டும் இறக்கிய சீட்டும் டிரைவர் மாரியிடம் போகும். எட்டு மணி நேரம் கழித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். லாக்கர் ரூமில் ஒருத்தன் நினைத்தால் ஒரு சீட்டை மாற்றலாம். ஒருவரும் மாற்றவில்லை. வேறு எந்த பஸ்ஸிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதனால்தான் அன்று எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

உன் கடைசி நாள். சாயங்காலம் மடியில் மாலையும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தாய். காலையில் விட்ட ஆட்டத்தை எடுத்தோம். குன்றத்தூர் மலை தெரிகிற இடத்தில் நீ டிக்ளேர் செய்தாய். கிளாவரில் ஒன்பது, பத்து, ஜாக்கி. என் கையில் ஒரு கிளாவர் ஒன்பது இருந்தது. காலையில் பேச்சிராஜ் ஒன்றை இறக்கியதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு கட்டு சேர்த்து ஆடுகிற ஆட்டத்தில் மூன்றாவது கிளாவர் ஒன்பது எங்கிருந்து வரும்? "லாக்கர்ல வச்சி சீட்டை மாத்திக்கினு வந்துட்டியா?" என்று கேட்டேன். மெதுவாகக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ சீட்டைப் பலகையில் வைத்துவிட்டு, மாலையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாய். அந்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு தென்காசிக்குப் போய்விட்டாய்.

போன மாதம் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எழிலரசி சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். மிஷின் சீட்டுப் போடுவதால் அதில் ஒரே சீட்டு மூன்றாவதாக வரவே வராதாம். நம் கட்டும் சரியான கட்டுதான் என்று காட்டுவதற்காக, அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தரையில் வரிசையாக அடுக்கினாள். ஜோக்கர் இரண்டோடு நூற்றாறு சீட்டு, கணக்கு சரி. ஆனால் ஆர்ட்டின் இரண்டு ஒன்றுதான் இருந்தது. கிளாவர் ஒன்பது மூன்று இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு பஸ்ஸைக் கழுவிய அன்று பலகை சரிந்து சீட்டெல்லாம் கொட்டியது. ஒன்று கிடைக்கவில்லை. கட்டு என் பொறுப்பில் இருந்தது. எண்ணிக்கை குறையக் கூடாதே என்று, வீட்டில் கிடந்த, நம் நீலக் கட்டைப் போலவே இருந்த பழைய கட்டிலிருந்து கைக்கு வந்த ஒரு சீட்டைச் சேர்த்தேன். என்ன சீட்டு என்றுகூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை புதுக் கட்டு வாங்கிவிடலாம் என்று இருந்தேன். அந்தச் சனிக்கிழமை ஓ.டி. வந்தது. பிறகு மறந்துபோனேன்.

நடந்தது இதுதான். இதற்காக நான் உன் காலில் விழுவேன் என்று எதிர்பார்க்காதே. சந்தேகம் வந்தால் கட்டை விரித்து எண்ணச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே எண்ணியிருப்போம். வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனது உன் தப்பு. இதை நான் எப்போதும் சொல்வேன்.

பஸ்ஸில் சொன்ன சொல்லை வீட்டில் உட்கார்ந்து திரும்ப வாங்க முடியாது. அதனால் போன திங்கட்கிழமை காலையில் மாரியிடம் சொல்லிவிட்டு நம் பஸ்ஸில் ஏறினேன். முழங்காலோடு படி ஏறச் சிரமப்பட்டேன். நம் கடைசி சீட்டில் இப்போது சின்னப் பையன்கள், எல்லோர் காதிலும் ஒயர். பழைய ஆட்கள் பதினோரு பேர்தான் மிச்சம். நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூன்று கிளாவர் ஒன்பதையும் தூக்கிக் காட்டினேன். கட்டில் தப்புச் சீட்டைச் சேர்த்தவன் தசரதன், கோமதிநாயகம் எதையும் மாற்றவில்லை என்று சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை. ஒயர் மாட்டியவர்களும் கழற்றிவிட்டுக் கேட்டார்கள்.

பிறகு பேச்சிராஜ், "ஒரு கட்டு எண்ணி முடிக்க ரெண்டு வருசமா ஆவும் வே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "நான் அன்னைக்கே நெனச்சேண்ணே. அவரு அப்டி ஆளு இல்ல. உன் வாய்க்குப் பயந்துகினு சொல்லல" என்றான். கேட்டில் என்னை உள்ளே விடவில்லை, என்னிடம் இப்போது பாஸ் இல்லை. ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, வீட்டில் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். எழிலரசி என்ன ஆச்சு என்று கேட்டாள். கால் வலி என்றேன்.

புதன்கிழமை மறுபடி உன் எதிரே உட்கார்ந்தேன். பேச்சிராஜ் உனக்கு போன் செய்திருப்பான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்று நீ டிராப் செய்யவில்லை. சீட்டையும் எடுக்கவில்லை. உன் கடிகாரம் முப்பது வினாடி ஓடி நின்றது. அடுத்த முறையும் ஓடி நின்றது. மூன்றாவது முறை மிஷினே உன்னை வெளியே தள்ளிவிட்டது. ஆனால் அத்தனை நேரமும் நீ அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய். அதில் பேசவும் வழியில்லை. 'நல்ல ஆட்டம்', 'சீக்கிரம் ஆடுங்கள்' என்று அவர்களே எழுதி வைத்த நாலு வரிதான் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது அதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நேரில் ஆடினால் எதிராளி தும்முவது தெரியும், கை நடுங்குவது தெரியும். இதில் கடிகாரம் மட்டும்தான் தெரிகிறது. உன் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, கண்ணுக்கு ஆபரேஷன் செய்தாயா இல்லையா என்று அதைப் பார்த்து நான் எப்படித் தெரிந்துகொள்வது?

உன் மகள் சுகப்பிரியாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று தங்கச்சி சொன்னாள். குழந்தை நன்றாக இருக்கட்டும். பத்திரிகை வந்தாலும் வராவிட்டாலும் என் ஆசீர்வாதம் அவளுக்கு உண்டு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த மடியில் தூங்கியவள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்திருப்பேன். அதற்கடுத்த ஞாயிறும் இருப்பேன். கோபம் இருந்தால் இருக்கட்டும். கோபத்தோடேயே ஒரு சீட்டைப் போடு, கோமதி.

இப்படிக்கு,
உன்
தசரதன்