விசிறியை நிறுத்தச் சொன்னவன்

அன்புள்ள சுன்மெய்,

அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

உன் தம்பி யோங்ஜுனும் இப்போது நலம். செவ்வாய்க்கிழமை வேலையில் மயங்கி விழுந்தான். இரண்டே நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான், பதறாதே.

இதோடு நிறுத்த மனம் வரவில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ, நெடுஞ்சாலை என்று எல்லோரும் சிமென்ட் வடிகாலை விட்டுவிட்டு மணலில் பிசின் கலந்து நாங்கள் வார்க்கும் பாலிமர் கான்கிரீட் வடிகாலையே கேட்கிறார்கள். இந்த வருஷம் ஆர்டர் இரண்டு மடங்கு. குளிரில் பிசின் இறுகத் தாமதமானது. பிசின் நெடியை வெளியே தள்ளும் விசிறி, கொட்டகையின் சூட்டையும் கொண்டுபோகிறது என்று அதை நிறுத்தச் சொன்னது நான்தான்.

"அத்தான், நெடி தலைக்கு ஏறுது" என்றான் யோங்ஜுன்.

"இன்னும் ரெண்டே அச்சுடா, ஊத்திட்டுப் போ" என்றேன்.

இரண்டாவது அச்சின் மேலேயே சரிந்தான்.

கண் விழித்ததும், "அக்காகிட்ட சொல்லிடாதீங்க, உங்களை உரிச்சுடுவா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை ஊரிலிருந்து அழைத்து வந்ததே நான்தானே. மறுநாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். மேற்பார்வை வேலையைப் பிடுங்கிக்கொண்டு என்னை அச்சு ஊற்றப் போட்டுவிட்டார். யோங்ஜுன் வெளியே பொதி கட்டுகிறான்.

மிளகாய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. இங்கே எதுவும் உறைப்பதில்லை. பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து வை, ஷூ வாங்க வேண்டும். போன வருஷ அளவுதான் எனக்குத் தெரியும்.

மணி அடித்துவிட்டது. திட்டியாவது எழுது.

உன் குய்மிங்